கணினிக் கடலில் உப்பில்லை

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் ஏறக்குறைய 736 கடல் மைல் வரும். நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் செஸ்னா 172, தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், கையிருப்பாக வைக்க வேண்டியது போக 640 கடல் மைல் போகும் என்பது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. மிச்சம் கிட்டத்தட்ட நூறு மைல் வங்காள விரிகுடா. கையிருப்பையும் எரித்துக்கொண்டு போனால், ஏழு மணி நேரத்துக்கு மேல் பறந்து, தெற்கு அந்தமானின் மேற்குக் கரை கண்ணில் படுகிற நேரத்தில் எஞ்சின் இருமத் தொடங்கும். அதுவும் எதிர்காற்று இல்லாத நாளில். வீட்டில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறவர்களிடம் இதற்குக் கைவைத்தியம் உண்டு. அமைப்புப் பக்கத்துக்குப் போய், எரிபொருள் தீராதபடி ஒரு கட்டத்தைச் சொடுக்கிவிட்டால் போதும், செஸ்னா சிங்கப்பூர் வரைகூடப் போகும். அந்தச் சொடுக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் சின்ன விமானத்துக்கு என்ன நடந்தது என்று பார்த்தால், விமானம் சரியில்லாததால் எதுவும் கெட்டதாகத் தெரியவில்லை. விமானங்கள் நன்றாகவே பறந்தன. அவற்றின் தலைவிதியை எழுதியது தரை. ஓடுபாதை எங்கே இருக்கிறது, அதை யார் போட்டார்கள், சாவி யாரிடம், எரிபொருள் எங்கிருந்து வரும், காலி இருக்கைக்கு யார் காசு கொடுப்பார் என்பதெல்லாம் சேர்ந்த தரை. சிமுலேட்டருக்குப் புதிதாக வாங்கும் ஆட்-ஆன் விமானத்தோடு இவற்றில் ஒன்றுகூட வருவதில்லை. அதனாலேயே அந்தத் திரை இந்த வரலாற்றைப் படிக்க நல்ல கண்ணாடி என்பது என் எண்ணம்.

சிமுலேட்டர் விளையாட்டாகப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் ஆர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், வாத்தியத்தின் காற்றுத் துருத்திகளை வைத்தே 1929இல் ஒரு மரப்பெட்டியை ஆட்டவும் சாய்க்கவும் செய்தார். முதலில் அதை வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள். 1934இல் தபால் விமானம் ஓட்டப் போன ராணுவ விமானிகள் மேகத்துக்குள் வழிதெரியாமல் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் அமெரிக்க ராணுவம் அதை வாங்கியது. அதற்கடுத்த ஆண்டு வாக்கிலேயே ஜப்பானியக் கடற்படையும் அதை வாங்கியது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடற்படை இந்தக் கதைக்குள் சீக்கிரமே வரப்போகிறது. பெட்டி வீட்டுக்கு வந்தது புரூஸ் ஆர்ட்விக் கையால். அவர் எழுதிய நிரல் 1982இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் வெளிவந்தது. அப்போது தரை என்பது சில கோடுகள். இன்று நிலைமை வேறு. சிலியிலிருந்து கரெனாடோ போன்ற நிறுவனங்கள் சின்ன விமானங்களைத் தனியாகச் செய்து விற்கின்றன. ஏ2ஏ நிறுவனம் 2023இல் விற்பனைக்கு விட்ட பைப்பர் கமான்ச்சியில், நேற்று எஞ்சினை முரட்டுத்தனமாக ஓட்டியிருந்தால் அந்தத் தேய்மானம் இன்றைக்கும் தொடரும். திருகாணி வரைக்கும் உண்மையைத் தேடுகிற தொழில் இது. தரைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 2020 பதிப்பு உலகம் முழுக்கச் செயற்கைக்கோள் படத்தை விரித்து, கணினியின் ஊகத்தால் 150 கோடிக் கட்டடங்களை எழுப்பியது. மூலத் தரவில் யாரோ 2 என்பதற்கு 212 என்று தட்டியதால் மெல்பர்ன் புறநகரில் 212 மாடிக் கோபுரம் ஒன்று முளைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது திருத்தக்கூடிய பிழை. நான் சொல்ல வருவது, படத்தில் சரியாக இருந்தும் கதையில் இல்லாமல் போகும் தரையை.

அந்தமானில் விமானம் நிலைகொண்டது ஓடுபாதையில் அல்ல, தண்ணீரில். 1942 மார்ச் 23ஆம் தேதி ஜப்பானியர் போர்ட் பிளேரில் சண்டையில்லாமல் இறங்கினார்கள். சில நாட்களுக்குள் அவர்களுடைய கவானிஷி ரக நான்கு எஞ்சின் பறக்கும் படகுகள் துறைமுகத்தில் மிதந்தன. வங்காள விரிகுடாவில் போகும் கப்பல்களைத் தேட அவற்றுக்கு வேண்டியிருந்தது காற்று அடங்கிய ஒரு நீர்ப்பரப்பு, அவ்வளவுதான். ஏப்ரலில் பிரிட்டிஷ் ஹட்சன் குண்டுவீச்சு விமானங்கள் வந்து அந்தப் படகுகளைத் தண்ணீரில் வைத்தே தாக்கின. தீவுக்குத் துறைமுகமே விமான நிலையம் என்ற எண்ணம் எவ்வளவு இயல்பானது என்று இதில் தெரிகிறது. ஆனாலும் போர் தண்ணீரோடு நிற்கவில்லை. தண்ணீரில் இறங்கத் தெரியாத விமானங்களுக்காகப் போர்ட் பிளேரை ஒட்டி லம்பா லைன் பகுதியில் நிலம் சமன்செய்யப்பட்டது. கார் நிக்கோபாரிலும் அப்படியே. வேலை செய்தவர்கள் கூலிக்கு விரும்பி வந்தவர்கள் அல்லர். உள்ளூர் மக்களைக் கட்டாயமாகப் பிடித்துப் போட்டு, உணவு சுருங்கிக்கொண்டே போன ஒரு தீவில் வேலை வாங்கினார்கள். அதே ஆட்சியில் ஒற்றர் என்ற சந்தேகத்தில் செல்லுலார் சிறையில் சித்திரவதைக்குள்ளாகி, 1944 ஜனவரியில் இறந்தவர் மருத்துவர் திவான் சிங். அதே மாதம் 30ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுடப்பட்டார்கள். இந்த இரண்டுக்கும் சற்று முன்னால், 1943 டிசம்பர் 29இல், சுபாஷ் சந்திர போஸ் விமானத்தில் வந்திறங்கி மறுநாள் கொடி ஏற்றினார். அந்தமானின் விமான வரலாற்றில் பள்ளிப் பாடத்துக்குள் போன ஒரே தரையிறக்கம் அது. அவர் இறங்கிய மண்ணைச் சமன்செய்தவர்கள் பாடத்தில் இல்லை. சிமுலேட்டரிலும் இல்லை என்று நான் குறைசொன்னால் நியாயமாகாது, ஏனென்றால் நம்முடைய விமான நிலையச் சுவர்களே அதைப் பெரிதாகச் சொல்வதில்லை.

போரில் பிறந்த ஓடுபாதை போர்க்காரர்களிடமே தங்கியது. இன்று தீவுக்கூட்டத்தில் விமானம் இறங்கக்கூடிய ஓடுபாதைகள் நான்கு: போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்), வடக்கில் டிக்லிபூர் அருகே ஷிப்பூர், கார் நிக்கோபார், தெற்குக் கோடியில் கேம்பல் பே. கார் நிக்கோபார் விமானப்படை கையில். மற்ற மூன்றும் கடற்படையின் உத்குரோஷ், கோஹாஸா, பாஸ் தளங்கள். பாஸ் 2012இலும் கோஹாஸா 2019இலும் முறைப்படி தளங்களாயின. தலைநகரில் பயணிகள் பார்க்கும் சங்கு வடிவ முனையம், 2023 ஜூலையில் திறந்தது, கடற்படை ஓடுபாதையின் ஓரத்தில் ஒண்டியிருக்கும் குடித்தனம். ஓடுபாதை 3,290 மீட்டர் நீளம். அதன் ஒரு முனையில் மேட்டுநிலம் என்பதால் பெரும்பாலும் ஒரு பக்கமிருந்தே இறங்குவார்கள். வானிலை மோசமானால் ஜெட் விமானங்கள் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்பிப் போனதும் உண்டு; அக்கம்பக்கத்தில் ஒதுங்க வேறு இடம் கிடையாது. நான்கு ஓடுபாதை, நான்கும் படைகளுடையவை, முப்பது சொச்சம் மனிதர் வாழும் தீவுகள். வாரக்கடைசியில் நண்பனோடு சின்ன விமானத்தில் ஒரு சுற்றுப் போய்வரும் பறப்புக் கழகப் பழக்கம், சென்னையில் ஒரு காலத்தில் கொஞ்சமாவது இருந்த அந்தப் பழக்கம், இங்கே வேர்விட மண்ணே இருக்கவில்லை. எரிபொருளும் இல்லை. செஸ்னா 172 குடிப்பது ஏவ்காஸ் என்ற தனிப் பெட்ரோல். 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் தன் வதோதரா ஆலையில் காய்ச்சத் தொடங்கும் வரை இந்தியா முழுமைக்குமே அது இறக்குமதிச் சரக்கு. அப்படிப்பட்ட பீப்பாயைக் கப்பலில் ஏற்றி மூன்று நாள் தள்ளியிருக்கும் தீவுக்குக் கொண்டுபோய் யாருக்கு ஊற்றுவது? தீவுகளில் ஒழுங்காகப் பறந்த சிறிய விமானம் கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டிய டோர்னியர் 228. சுழலி எஞ்சின், ஜெட் எரிபொருள், ஓட்டியவர்கள் கடற்படையும் கடலோரக் காவல்படையும். அதற்கும் கரெனாடோவின் ஆட்-ஆன் உண்டு, அழகான விமானம். அதில் சீருடை இல்லாமல் ஏறலாம்.

இந்தப் பின்னணியில்தான் ஜல் ஹன்ஸைப் பார்க்க வேண்டும். 2010 டிசம்பர் 30ஆம் தேதி, போஸ் கொடியேற்றிய அதே தேதியில், அப்போதைய விமானத்துறை அமைச்சர் பிரஃபுல் படேல் அதைத் தொடங்கிவைத்தார். (எட்டு ஆண்டு கழித்து இன்னொரு டிசம்பர் 30இல் ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாறியது, தீவு நிர்வாகத்துக்கு இந்தத் தேதி மேல் தனிப் பிரியம்.) ஹெலிகாப்டர் நிறுவனமான பவன் ஹன்ஸும் அந்தமான் நிர்வாகமும் சேர்ந்து நடத்திய, எட்டுப் பேர் அளவே ஏறக்கூடிய செஸ்னா 208 கேரவன் கடல்விமானச் சேவை அது. மிதவைகளுக்குள்ளேயே சக்கரமும் மடங்கியிருப்பதால் ஓடுபாதையிலும் இறங்கும், தண்ணீரிலும் இறங்கும். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர்தான். கால் மணி நேரத்தில் போய்விடலாம். காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான விமானம் தீவுக்கூட்டத்துக்குக் கிடையாது. ஓடுபாதைக்காரரிடம் கைகட்டி நிற்காமல், 1942இன் பறக்கும் படகுகளைப் போலக் கடலையே ஓடுபாதையாக்கும் ஏற்பாடு. சில ஆண்டுகளுக்குள் சேவை நின்றுபோனது.

சிமுலேட்டர்காரர்களுக்கு இந்த விமானம் பழைய சிநேகிதம். 2001 முடிவில் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் 2002இலேயே மிதவை வைத்த செஸ்னா 208 கூட வந்தது. அதாவது, ஹேவ்லாக் கடலில் உண்மையான கேரவன் இறங்குவதற்கு எட்டு ஒன்பது ஆண்டுகள் முன்பே யாரோ ஒருவர் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து அங்கே இறக்கியிருக்கலாம். நல்ல ஆட்-ஆன் என்றால் இதில் பாதிக்கு மேல் கற்றுக்கொடுக்கும். சக்கரம் வெளியே நீட்டியிருக்கும்போது தண்ணீரைத் தொட்டால் விமானம் மூக்குக் குப்புறக் கவிழும். கடல்விமானங்களின் மோசமான விபத்துகளில் இது ஒன்று. அதனால் பலகையில் நான்கு சக்கரத்துக்கும் விளக்கு: நீலமென்றால் மடங்கியிருக்கிறது, தண்ணீருக்குப் போகலாம், பச்சையென்றால் நீட்டியிருக்கிறது, தரைக்குப் போகலாம். அலையே இல்லாத கண்ணாடிக் கடல்தான் இறங்க சுலபம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். கண்ணாடிக் கடலில் உயரம் தெரியாது. வானமும் நீரும் ஒரே நிறமாகி, கண் ஏமாந்து, இன்னும் இருபதடி இருக்கிறது என்று நினைக்கும்போதே மிதவை மோதும். கரையோரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்கைக் கொஞ்சம் தூக்கி, நிமிடத்துக்கு நூற்றைம்பது அடி என்ற மெல்லிய இறக்கத்தில், தண்ணீர் வந்து தொடும்வரை பொறுத்திருக்க வேண்டும். இவ்வளவும் திரையில் பழகலாம். பழக முடியாதது, இறங்கிய பிறகு நடப்பது. கடலில் இறங்கிய உலோகத்தை அன்றன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். மிதவை, தறையாணி, கம்பிவடம், எஞ்சினின் காற்றுத்தட்டுகள் என்று உப்பு ஏறாத இடம் கிடையாது; கழுவாமல் விட்டால் அரிப்பு உள்ளுக்குள் வேலையைத் தொடங்கிவிடும். போர்ட் பிளேர் நகரமோ தனிக்காரி அணையை நம்பி இருப்பது; கோடையில் வீடுகளுக்கே முறைவைத்துக் குழாய் திறக்கும் ஊர். சேவை நின்றதற்கு அதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எட்டு இருக்கையின் டிக்கெட் காசில் இரண்டு விமானிகள், சுழலி எஞ்சின் பராமரிப்பு, எரிபொருள், கழுவும் தண்ணீர், உதிரிபாகம் கடல்தாண்டி வரும்வரை சும்மா நிற்கும் நாட்கள் எல்லாம் அடங்க வேண்டும். எந்த ஆட்-ஆனும் இந்தக் கணக்கைக் காட்டாது. கணினிக் கடலில் உப்பில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும்: மாலத்தீவில் எப்படி ஓடுகிறது? டிரான்ஸ் மால்டிவியன் நிறுவனம் ஐம்பதுக்கு மேற்பட்ட ட்வின் ஆட்டர் கடல்விமானங்களோடு உலகிலேயே பெரிய கடல்விமான நிறுவனமாக இருக்கிறது. அங்கேயும் உப்புதான், அங்கேயும் கடல்தான். அப்படியானால் அந்தமானில் தோற்றது நிர்வாகத்தின் சாமர்த்தியக் குறைவே தவிர தரையின் குற்றமல்ல என்று வாதிடலாம். பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாலத்தீவும் என் பக்கமே சாட்சி சொல்கிறது. அங்கே பவளத்திட்டுகள் வட்டமாகச் சூழ்ந்து, உள்ளே அலையடங்கிய நீர்ப்பரப்பை இயற்கையே கட்டிக்கொடுத்திருக்கிறது. அந்தமானின் தீவுகள் கடலில் மூழ்கிய மலைத்தொடரின் முகடுகள். இரண்டு பருவமழையும் மாறி மாறி அடிக்கும் திறந்த கடல். மாலத்தீவில் விமானத்தில் ஏறுகிறவர் வெளிநாட்டிலிருந்து வந்து டாலரில் விடுதிக்குக் கட்டுகிறவர். விமானக் கட்டணம் அறை வாடகையில் கரைந்துவிடும். ஹேவ்லாக் போகிறவர்களில் பெரும்பாலோர் உள்நாட்டுக் குடும்பங்கள். துறைமுகத்திலிருந்து தனியார் விரைவுக் கப்பலில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்றால் அவர்கள் ஏன் பறப்பார்கள்? இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 2020 அக்டோபர் 31இல் குஜராத்தில் சபர்மதிக்கும் சர்தார் படேல் சிலைக்கும் நடுவே கடல்விமானம் தொடங்கியது. விமானம் மாலத்தீவிலிருந்தே வந்தது. நன்னீர் அணை, அலையில்லாத ஆறு, பிரதமரே முதல் பயணி. 2021 ஏப்ரலில் அது நின்றது. அதே விமானம், வேறு தரை. அரசின் உடான் விமானத் திட்டத்தில் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப், லாங் ஐலண்ட் என்று நீர்நிலையங்களின் பட்டியல் போட்டும் ஆண்டுகள் ஓடிவிட்டன.

சின்ன விமானமே தேவையில்லை, தீவுக்காரர்களுக்குக் கப்பலும் ஹெலிகாப்டரும் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. இது லேசாகத் தள்ளக்கூடிய பேச்சல்ல. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை அரசு குடியேற்றிய கச்சால் தீவில் ரப்பர் இருக்கிறது, ஓடுபாதை கிடையாது. அங்கே பிரசவச் சிக்கல் என்றால் கூப்பிடுவது பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டரைத்தான். நோயாளிக்கு முதலிடம், தீவுக்காரருக்கு மானியக் கட்டணம் என்ற ஏற்பாடு பல உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு பள்ளி மைதானம் போதும் என்பதே ஹெலிகாப்டரின் பலம், அதாவது மிகக் குறைந்த தரை. நான் சொல்வதற்கும் இதற்கும் முரண் இல்லை. தரையை அதிகம் கேட்காத வண்டி பிழைத்தது. அதற்குக் காசு கொடுக்க அரசு இருந்தது. கடல்விமானத்துக்கும் அதே மானியத்தைத் தொடர்ந்து கொடுத்திருந்தால் அது இன்றும் பறந்துகொண்டிருக்கலாம். போர்ட் பிளேரிலிருந்து கேம்பல் பே வரை 287 கடல் மைல். வழியில் நின்று நின்று போகும் கப்பல் அதற்கு நாட்கணக்கில் எடுக்கும், கேரவனுக்கு இரண்டு மணி நேரம்.

சிமுலேட்டர் தவிர்க்கும் தரையில் ஒன்று, தவிர்த்தே ஆக வேண்டிய தரை. வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் யாரும் போகக்கூடாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அதற்கு அடிப்படை. 2004 சுனாமிக்குப் பிறகு உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கப் போன கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரை நோக்கி ஒரு மனிதர் கடற்கரையிலிருந்து வில்லை ஓங்கி நிற்கும் படத்தை உலகமே பார்த்தது. திரையில் அந்தக் கடற்கரை மேல் ஐம்பது அடியில் வட்டமடிக்கலாம், மணலில் இறங்கலாம், அம்பு வராது. பொம்மைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. வரலாறு படிப்பவர் கவனிக்க வேண்டியது வேறு. அந்தத் தீவின் வானம் காலியாக இருப்பதற்கு ஒரு சட்டமும், கீழே நிற்கும் ஆட்களின் விருப்பமும் காரணம். திரையிலோ அது சும்மா காலியாக இருக்கிறது. பெரிய நிக்கோபாரில் சிங்கென் பகுதியில் புதிதாக ஒரு விமான நிலையம் வரப்போகிறது. அங்கேயும் பயணி முனையமும் படை ஓடுபாதையும் ஒன்றாகவே இருக்கும். மண் வெட்டுவதற்கு முன்னாலேயே யாராவது அதை ஆட்-ஆனாகச் செய்து இலவசமாக விட்டுவிடுவார்கள். சொந்தக்காரர்கள் யாரிடமும் நிலம் கேட்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 காலையில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தின் குடியிருப்புகள் கடலோடு போயின. படையினரும் குடும்பத்தினருமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓடுபாதையில் மிஞ்சிய நீளத்தில்தான் மீட்பு விமானங்கள் இறங்கின. பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. செயற்கைக்கோள் படத்தை நம்பும் புதிய சிமுலேட்டரில் இந்தப் புதுக் கரை இருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் பொய் சொல்லாமல். 2024 பதிப்பில் விமானத்தை விட்டு இறங்கி நடக்கவும் வசதி வந்துவிட்டது. கார் நிக்கோபார் போர்ட் பிளேரிலிருந்து தெற்கே 150 கடல் மைல், பத்து டிகிரிக் கால்வாய்க்கு அந்தப் பக்கம். செஸ்னா 172இல் ஒன்றேகால் மணி நேரம், எரிபொருள் தாராளமாகப் போதும், எந்தக் கட்டத்தையும் சொடுக்க வேண்டாம். கார் நிக்கோபாரில் இறங்கி எஞ்சினை அணைத்துவிட்டு, ஓடுபாதை ஓரமாகவே கடல் வரைக்கும் நடக்கலாம். பழங்குடிப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்க யாரும் வரமாட்டார்கள்.